45 நாளில் பணம் வரணும்னு சட்டம் இருக்கு... அதைச் சொல்லித்தர ஆள் இருக்காங்களா?

திருப்பூரில் நீங்கள் ஒரு சின்ன ஜாப்-ஒர்க் யூனிட் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து மெஷின், பதினைந்து பேர் வேலை. ஒரு பெரிய கம்பெனிக்குத் துணி தைத்து அனுப்பிவிட்டீர்கள். பில் 4 லட்சம். நான்கு மாதம் ஆகிவிட்டது. போன் செய்தால், ``அடுத்த வாரம் பார்க்கலாம்ணா" என்கிறார்கள். நீங்களும் வாராவாரம் சனிக்கிழமை சம்பளத்துக்காக வட்டிக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பிரச்னைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் முறையிட ஒவ்வொரு மாநிலத்திலும் வசதி மன்றம் இருக்கிறது.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, தொழில் செய்பவர்களை விடுங்கள். பி.காம் படித்த உங்கள் கணக்காளருக்குத் தெரியுமா? சட்டம் படித்துவிட்டு கோர்ட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியுமா? `செக் பவுன்ஸ் ஆனா 138-வது பிரிவு' என்று எல்லோருக்கும் வாயில் வரும். இந்த 45 நாள் விஷயம் மட்டும் ஏன் வருவதில்லை?

காரணத்தைத் தேடிப் போனால், கடைசியில் ஒரு வகுப்பறையில்தான் போய் நிற்போம். வணிகச் சட்டத்தை யார் சொல்லித்தருகிறார்கள், எப்படிச் சொல்லித்தருகிறார்கள், அவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்வியில்!

பாடம் 1872-ல் தொடங்குகிறது

சட்டக் கல்லூரியில் வணிகச் சட்டம் என்றாலே முதலில் வருவது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பிறகு 1881-ன் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம், 1932-ன் கூட்டாண்மைச் சட்டம். எல்லாமே வெள்ளைக்காரன் காலத்தவை. ஆனால், பழசு என்று ஒதுக்க முடியாது. இன்று நீங்கள் போனில் `ஐ அக்ரி' என்று தட்டுவதுகூட அந்த 1872 சட்டத்துக்குள்தான் வருகிறது.

சொல்லித்தரப்படும் வழக்குகளும் சுவாரஸ்யமானவைதான். 1919-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான பால்ஃபர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை. உடல்நிலை காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். பின்னர் அனுப்பவில்லை. மனைவி வழக்கு போட்டார்; மேல்முறையீட்டில் தோற்றார். குடும்பத்துக்குள் சொல்லும் வாக்கு எல்லாம் ஒப்பந்தம் ஆகாது என்றது நீதிமன்றம். நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1882 சின்னையா வழக்கும் அப்படித்தான். மகளுக்குச் சொத்தை எழுதிவைத்த ஓர் அம்மா, `என் உடன்பிறப்புக்கு வருடாவருடம் பணம் கொடு' என்று நிபந்தனை போட்டார். மகள் தரவில்லை. பணம் பெற வேண்டியவர் மகளுக்கு எதையும் கொடுத்ததில்லை. ஆனாலும் கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. சொத்து வேறொருவரிடமிருந்து கைமாறியிருந்தாலும் போதும் என்பது இந்தியச் சட்டத்தின் நிலை.

நல்ல ஆசிரியர் கையில் இவை கதைகள். தேர்வுக்கான நோட்ஸில் இவையே இரண்டு வரி. பல வகுப்பறைகளில் அந்த இரண்டு வரிதான் மிஞ்சுகிறது.

ஓடிக்கொண்டே இருக்கும் சட்டம்

அடிப்படை பழசு என்றாலும், அதன் மேல் கட்டியதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013-ல் புதிய கம்பெனிகள் சட்டம் வந்தது. 1956 சட்டத்தில் 658 பிரிவுகள், புதியதில் 470. 2016-ல் திவால் சட்டம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. 2018-ல் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கும் சட்டத்தில் பெரிய திருத்தம். 2019-ல் புதிய நுகர்வோர் சட்டம். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம். 2025 நவம்பர் 21-ல், 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள். 2026 ஏப்ரல் 1 முதல், 1961-ன் வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 536 பிரிவுகளோடு புதிய சட்டம்.

இதன் அர்த்தம் என்ன? பத்து வருடத்துக்கு முன் நோட்ஸ் எழுதிய ஓர் ஆசிரியர், அதே நோட்ஸை வைத்து இன்று பாடம் நடத்தினால், மாணவர் படிப்பது காலாவதியான மருந்து. அரசியலமைப்புச் சட்டத்தில் பழைய நோட்ஸ் ஓரளவு தாங்கும். வணிகச் சட்டத்தில் தாங்காது.

ஒரே ஓர் உதாரணம். திவால் சட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு எதிராக மனு போட, பாக்கி குறைந்தது 1 லட்சம் ரூபாய் இருந்தால் போதும் என்றுதான் முதலில் இருந்தது. 2020 மார்ச்சில் அதை 1 கோடியாக உயர்த்தினார்கள். உங்கள் 4 லட்ச ரூபாய் பில்லுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது! இதைத் தெரியாமல் ஒரு ஜூனியர் வக்கீல், ``என்.சி.எல்.டி-ல போட்டுடலாம் சார்" என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால், தவறு யாருடையது? அவருடையது மட்டுமா?

அம்பேத்கர் எடுத்த வகுப்பு

நம் மாநிலத்தின் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அண்ணல் அம்பேத்கர் பெயர். அவர் சட்ட ஆசிரியராக இருந்தது பலருக்குத் தெரியும். வணிகச் சட்ட ஆசிரியராக இருந்தது பலருக்குத் தெரியாது. லண்டனிலிருந்து திரும்பி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சாதி காரணமாக வழக்குகள் எளிதில் வரவில்லை. குடும்பத்தை நடத்த வேண்டுமே! 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரையாளராக அவர் எடுத்த பாடம், வணிகச் சட்டம். பிறகு பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1935-ல் அங்கேயே முதல்வர்.

காலையில் கோர்ட், மாலையில் வகுப்பு. அன்று அது சாத்தியமாக இருந்தது. இன்று?

வழக்கறிஞர் ஒருவர் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979-ல் மத்திய அரசு வகுத்த விதி சொல்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர ஒரு சின்னக் கதவு. ஆனால், முழுநேரச் சட்டப் பேராசிரியர் கோர்ட்டுக்குப் போக முடியாது. முழுநேரச் சம்பளம் வாங்குபவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சட்ட ஆசிரியர்கள் விஷயத்தில் இதை உறுதி செய்தது.

இதில் நியாயம் இருக்கிறது. வழக்கு வைத்திருக்கும் வாத்தியார், ஹியரிங் இருக்கும் நாளில் வகுப்புக்கு வர மாட்டார். மாணவர்தான் பாதிக்கப்படுவார். ஆனால், இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்க்கிறார். அந்த நோயாளியை வைத்தே மாணவருக்குச் சொல்லித்தருகிறார். சட்டக் கல்லூரிப் பேராசிரியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பட்டம் முடித்து நேராக எல்.எல்.எம், நெட், பிஹெச்.டி என்று வந்தவர், ஒரு வாடகை ஒப்பந்தத்தையோ பங்குதாரர் ஒப்பந்தத்தையோ தன் கையால் எழுதாமலேயே இருபது வருடம் ஒப்பந்தச் சட்டம் நடத்திவிட முடியும். அது அவர் குற்றமல்ல. அமைப்பு அப்படி.

சம்பளம்... ரெண்டு விதமான வாத்தியார்கள்

இப்போது பணத்தைப் பேசுவோம். `அதெல்லாம் சேவை' என்று சொல்லி இதைத் தாண்டிப்போவதால்தான் பாதிப் பிரச்னை.

யு.ஜி.சி-யின் ஏழாவது ஊதியக் குழு அளவுப்படி, உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியர் ஆனால் 1,31,400. பேராசிரியர் ஆனால் 1,44,200. இதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல வாழ்க்கைதான். சந்தேகமில்லை.

ஆனால், அந்த நாற்காலியில் உட்காருவது எத்தனை பேர்? தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளுக்காக 2025 ஜனவரியில் டி.ஆர்.பி வெளியிட்ட அறிவிப்பில் மொத்த இடங்கள் 132. இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், ஐந்தாண்டுப் படிப்பில் சட்டம் அல்லாத பாடங்களை எடுப்பவர்கள் என எல்லாம் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. இப்படியோர் அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்... அந்தக் காத்திருப்பில் கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் எல்லாம் தள்ளிப்போன கதை வரும்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வார்கள்? கௌரவ விரிவுரையாளர் வேலை. யு.ஜி.சி 2019-ல் சொன்ன அளவே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. அதுவும் பல இடங்களில் கைக்கு வருவதில்லை. தனியார் கல்லூரிகளில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். வகுப்பு இல்லாத விடுமுறை மாதத்தில் வருமானமும் விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

2025 ஆகஸ்டில், குஜராத்தின் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த உதவிப் பேராசிரியர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு அந்தப் பதவிக்கான குறைந்தபட்ச ஊதியத்தையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதம் 30,000 ரூபாய்க்கு உதவிப் பேராசிரியரை வைத்துக்கொண்டு, மேடையில் குருவை வணங்கி என்ன பயன் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

வணிகச் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குற்றவியல் சட்டத்தில் கெட்டிக்காரராக இருப்பவரை வெளியிலிருந்து யாரும் வந்து பெரிய சம்பளத்துக்குக் கொத்திக்கொண்டு போவதில்லை. வணிகச் சட்டத்தில் கெட்டிக்காரர் என்றால், மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் முதல் வருடமே பேராசிரியர் வேலையைவிட அதிகமாகக் கொடுக்கத் தயார். ஆக, எந்தப் பாடம் வேகமாக மாறுகிறதோ, எந்தப் பாடத்துக்கு நடைமுறை அறிவு அதிகம் வேண்டுமோ, அந்தப் பாடத்துக்குத்தான் ஆசிரியர் கிடைப்பது கடினம்.

கல்லூரிக்குத் தடை... ஆசிரியருக்கு?

2025 ஆகஸ்டில் இந்திய பார் கவுன்சில் ஒரு முக்கியமான முடிவெடுத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளும் முன் அனுமதி இல்லாமல் புதிய பிரிவோ புதிய படிப்போ தொடங்க முடியாது. விளிம்புநிலை மக்களுக்கானவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. நாட்டில் சுமார் 2,000 சட்டக் கல்லூரிகள் இருப்பதாகச் சொன்ன பார் கவுன்சில், தரம் குறைந்த நிறுவனங்கள் பெருகியதையும், தகுதியான ஆசிரியர்கள் இல்லாததையும் காரணமாகக் காட்டியது.

நல்ல முடிவா? பாதி நல்லது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் புதிய வீட்டுக்கு இணைப்பு தர மாட்டோம் என்பது சரி. ஆனால், இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் எப்போது வரும்? மூன்று வருடம் என்பது, இன்று எல்.எல்.எம் சேர்பவர் நெட் தேர்ச்சி பெற்று ஆசிரியராகத் தயாராகும் காலம். அந்தக் காலத்தில் காலியிடங்களை நிரப்பவும், இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் திட்டம் இல்லையென்றால், 2028-ல் இதே இடத்தில்தான் நிற்போம்.

செய்யக்கூடியவை உண்டு. யு.ஜி.சி 2022-ல் `நடைமுறைப் பேராசிரியர்' என்றொரு பதவியைக் கொண்டுவந்தது. குறைந்தது 15 வருட அனுபவமுள்ள நிபுணரை, பிஹெச்.டி இல்லாவிட்டாலும், மூன்று வருடம்வரை நியமிக்கலாம். மொத்தப் பணியிடத்தில் 10 சதவிகிதம்வரை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி செக்ரட்டரி, வரி வழக்கறிஞர், வங்கியின் சட்ட அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் என எத்தனையோ பேர் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால், ஒரு நிபந்தனை முக்கியம். நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் இருக்க இது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இரண்டாவது, சட்ட உதவி மையம். ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் இது இருக்க வேண்டும் என்பது 2008-லிருந்தே பார் கவுன்சில் விதி. இந்த மையங்களில் குடும்ப வழக்கு, பட்டா, ஓய்வூதியம் பற்றிப் பேசுவதோடு, வாரத்தில் ஒரு நாள் சிறு வியாபாரிக்கு ஒதுக்கினால் என்ன? திருப்பூருக்குப் பக்கத்திலேயே கோவை அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. உங்கள் 4 லட்ச ரூபாய் பில்லோடு நீங்கள் அங்கே போகிறீர்கள். மாணவர் பர்ச்சேஸ் ஆர்டரைப் படிக்கிறார். உத்யம் பதிவு இருக்கிறதா என்று பார்க்கிறார். தேதி எண்ணுகிறார். வட்டி கணக்குப் போடுகிறார். ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்துகிறார். கோர்ட் படி ஏறாமலேயே ஆசிரியருக்கும் நடைமுறை கிடைக்கிறது. உங்களுக்கும் கடிதம் கிடைக்கிறது. மருத்துவக் கல்லூரியின் வார்டு போல!

ஒரு பிரிவில் 60 பேர் இருக்கும் வகுப்பில் எல்லோரையும் இப்படிப் பழக்க முடியுமா என்று கேட்கலாம். ஓர் ஆசிரியரால் முடியாது. அதனால்தான் ஆசிரியர் எண்ணிக்கை பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

உங்க பொண்ணு `லா புரொஃபசர் ஆகணும்'னு சொன்னா...

இவ்வளவு படித்த பிறகும் உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்கு ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள். ஆனால், கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

முதலில், தகுதி. எல்.எல்.எம்-ல் 55 சதவிகித மதிப்பெண், கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி. உதவிப் பேராசிரியருக்கு பிஹெச்.டி கட்டாயம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் யு.ஜி.சி அதை மாற்றி, நெட் அல்லது செட்தான் குறைந்தபட்சத் தகுதி என்றது. நெட் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. சட்டப் பாடத்தின் பத்து அலகுகளில் ஒன்று வணிகச் சட்டம். ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முதல் சில வருடங்களைக் கடன் இல்லாமல் கடக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, வரிசை. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று மீண்டும் விதித்தது. `வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே ஜட்ஜ் எக்ஸாமும் எழுதலாம்' என்ற பழைய கணக்கு இனி எல்லோருக்கும் வேலை செய்யாது. வணிகச் சட்டம் எடுக்க விரும்புபவருக்கு என் யோசனை, முதலில் இரண்டு, மூன்று வருடம் கோர்ட்டிலோ, ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவிலோ வேலை பார்க்கட்டும். முதல் ஒப்பந்தத்தில் தவறு செய்து சீனியரிடம் திட்டு வாங்கட்டும். அந்தத் திட்டு, பிற்பாடு அவர் வகுப்பில் பாடமாகும்.

மூன்றாவது, சட்டக் கல்லூரி மட்டுமே வாசல் இல்லை. பி.காம் வகுப்புகளிலும் சி.ஏ தொடக்கநிலைத் தேர்விலும் வணிகச் சட்டம் ஒரு தாள். மேலாண்மைக் கல்லூரிகளிலும் சட்டம் சொல்லித்தருகிறார்கள். பல காமர்ஸ் துறைகளில் இந்தத் தாளை எடுப்பவர், சட்டத்தைப் பாடமாகப் படிக்காதவர். அங்கே சட்டம் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

நான்காவது, வேலையில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். நியமனக் கடிதத்தில் சம்பளம் எழுத்தில் இருக்கிறதா? பி.எஃப் உண்டா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டம் நடத்தப் போகிறவர், தன் சொந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

பெரிய கனவு இருந்தாலும் தப்பில்லை. நம் அரசியலமைப்பின் 124-வது பிரிவு, வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இல்லாமல், `சிறந்த சட்ட அறிஞர்' என்ற தகுதியிலேயே ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்கிறது. 1950-லிருந்து அந்த வழியில் ஒருவர்கூட நியமிக்கப்பட்டதில்லை. ஒரு சட்ட ஆசிரியரை இந்த நாடு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நாளைக்கே செய்யக்கூடியது

சட்டக் கல்வி பற்றிய இந்தப் பேச்சு, கல்லூரிக்காரர்களின் பிரச்னை மட்டும் இல்லை. அங்கே காலியாக இருக்கும் ஒரு நாற்காலி, சில வருடம் கழித்து உங்கள் கடை வாசலில் தவறான ஆலோசனையாக வந்து நிற்கும்.

அதனால், உங்கள் ஊர் வணிகர் சங்கத்திலோ, தொழில் சங்கத்திலோ நீங்கள் உறுப்பினர் என்றால், அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்துச் சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவரையும் நான்கு மாணவர்களையும் கூப்பிடுங்கள். பேச்சுக்காக அல்ல, உறுப்பினர்களின் பழைய பில்களைப் பார்ப்பதற்காக. கூடவே, போக்குவரத்துச் செலவையும் ஒரு மதிப்பூதியத்தையும் கவரில் போட்டுக் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், அது அவரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

அப்படியே, பெண்டிங்கில் இருக்கும் உங்கள் பில்லையும் எடுத்து, சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 45 தாண்டிவிட்டதா?